எட்டுக்கால் குடித்தனம்

வாடகை வீடு மாறியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். சாமான் கட்டுவது கஷ்டமில்லை. மினி லாரிக்காரரிடம் பேரம் பேசுவதும் கஷ்டமில்லை. புது வீட்டில் முதல் ராத்திரி, ஸ்விட்ச் எங்கே என்று இருட்டில் சுவரைத் தடவுகிறோமே, அதுதான் கஷ்டம்.

இந்த வாரம், அப்படிச் சுவரைத் தடவ எட்டுக் கால் வைத்திருக்கும் ஒரு ஜீவனைப் பற்றி. பெயர் டரான்டுலா. உள்ளங்கை அகலச் சிலந்தி, உடம்பெல்லாம் ரோமம். பல்லியைப் பார்த்தாலே நாற்காலி மேல் ஏறுகிற ஆசாமிகள் இத்தோடு அடுத்த பக்கத்து ஜோக்குகளுக்குப் போய்விடலாம். நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

பெயரே இரவல். இத்தாலியில் டரான்டோ என்று ஓர் ஊர். அந்தப் பக்கத்துச் சிலந்தி ஒன்று கடித்தால் விஷம் இறங்க ஆடித் தீர்க்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். டரான்டெல்லா என்ற நடனம் இன்றைக்கும் இருக்கிறது. அந்தச் சிலந்தி வேறு குடும்பம். ஐரோப்பியர்கள் அமெரிக்கக் கண்டத்துக்குப் போய் அதைவிடப் பெரிய ரோமச் சிலந்திகளைப் பார்த்ததும், பழைய பெயரைத் தூக்கி இதற்கு வைத்துவிட்டார்கள். மரியா சிபில்லா மெரியன் என்ற அம்மாள், சூரினாம் காடுகளுக்குப் போய் வந்து 1705ல் வெளியிட்ட புத்தகத்தில், இப்படி ஒரு சிலந்தி குருவியைத் தின்பதாகப் படம் போட்டார். ஐரோப்பா நம்ப மறுத்தது. இன்று இந்தக் குடும்பத்தில் 1000க்கும் மேல் இனங்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் இதை ஆசையாக வீட்டில் வளர்க்கிறார்கள். அவர்களில் ஒருவன் என் தங்கை மகன். ஊரில் இருந்தபோது பாத்ரூமில் கரப்பான்பூச்சி என்றால் 'அம்மா' என்று தெருவுக்கே கேட்கக் கத்துவான். இப்போது டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டினில் சாஃப்ட்வேர் வேலை. ஒற்றை பெட்ரூம் அபார்ட்மென்ட்டில், மைக்ரோவேவ் பக்கத்தில், மெக்ஸிகோ நாட்டு 'சிவப்பு முழங்கால்' டரான்டுலா ஒன்று. கறுப்பு உடம்பு, கால் முட்டிகளில் மட்டும் ஆரஞ்சு சிவப்பு. ஒன்றரை மாதம் போய்த் தங்கியிருந்தேன். முதல் வாரம் மைக்ரோவேவ் பக்கமே போகவில்லை. ஆறின காபிதான்.

காட்டில் இதற்கு வீட்டுப் பிரச்னையே கிடையாது. மண்ணில் வளை. உடம்பு பெருக்கப் பெருக்க, வளையைத் தானே தோண்டி அகலப்படுத்திக்கொள்கிறது. பிளான் அப்ரூவல் வேண்டாம், மேஸ்திரி வேண்டாம். இதற்குத் தூரத்துச் சொந்தம் ஆஸ்திரேலியாவில் இருக்கும் கதவுச் சிலந்தி. பார்பரா யார்க் மெய்ன் என்ற விஞ்ஞானி 1974லிருந்து அங்கே ஓரிடத்தில் சிலந்தி வளைகளுக்கு நம்பர் போட்டுக் கவனித்து வந்தார். அதில் 16ம் நம்பர் அம்மாள் 43 வயது வரை, 2016 வரை, அதே வளையில் குடியிருந்தாள். நாற்பத்து மூன்று வருஷம் ஒரே விலாசம்! நம்மில் யாருக்காவது ரேஷன் கார்டு அத்தனை வருஷம் ஒரே விலாசத்தில் இருந்திருக்கிறதா?

டப்பாவுக்குள் வந்துவிட்டால் இந்த வசதி போச்சு. பிளாஸ்டிக் சுவரைத் தோண்ட முடியாது. ஆகவே வளர்க்கிறவன்தான் வீட்டுக்காரர், அவன்தான் மேஸ்திரி, அவன்தான் மினி லாரி.

சரி, முதலிலேயே பெரிய கண்ணாடித் தொட்டியாக வாங்கி விட்டுவிட்டால் என்ன? வளர்கிற பையனுக்கு ரெண்டு சைஸ் பெரிதாக டவுசர் தைக்கிற பரம்பரையில் வந்தவன் நான். அதையேதான் கேட்டேன்.

"மாமா, நான் வாங்கினப்போ இது சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. பெரிய தொட்டியில விட்டா இது இருக்கற இடம் எனக்குத் தெரியாது. இரை இருக்கற இடம் இதுக்குத் தெரியாது. சாப்பிட்டதா, பட்டினி கிடக்கா, உசுரோட இருக்கா, ஒண்ணும் தெரியாது" என்றான்.

கணக்கு இப்படி. காலை விரித்தால் எத்தனை அங்குலமோ, வீட்டின் தரை அதைப் போல இரண்டு மூன்று மடங்கு இருந்தால் போதும். முதல் வீடு மாத்திரைக் குப்பி. மூடியில் ஊசியால் குத்திய ஓட்டைகள். இரண்டாவது, ஹோட்டலில் சாம்பார் பார்சல் கொடுப்பார்களே, அந்தச் சைஸ் டப்பா. மூன்றாவது செருப்புப் பெட்டி அளவு. நாலாவது, கடைசி வீடு, 20 அங்குல நீளக் கண்ணாடித் தொட்டி. நான் போனபோது மூன்றாம் வீட்டில் குடியிருப்பு. நாலாம் வீடு தயாராகிக்கொண்டிருந்தது.

வீடு உசரமாக இருந்தால் கௌரவம் என்பது நம் எண்ணம். தரையில் வாழும் டரான்டுலாவுக்கு உசரம்தான் எமன். அதன் வயிறு கிட்டத்தட்டத் தண்ணீர் நிரப்பிய பலூன். கண்ணாடியில் ஏறி ஓரடி உசரத்திலிருந்து விழுந்தால் வெடித்துவிடலாம். அதனால் மண்ணுக்கும் மூடிக்கும் நடுவில் காலை விரித்த அகலம், மிஞ்சினால் அதில் ஒன்றரை மடங்கு. அதற்கு மேல் கூடாது. மிச்சத்தை மண் போட்டு நிரப்ப வேண்டும். வலை மூடியும் ஆகாது, நகம் மாட்டிக்கொள்ளும். சின்ன ஓட்டைகள் போட்ட அக்ரிலிக் மூடி உத்தமம். மரத்தில் வாழும் இனங்களுக்கு எல்லாமே தலைகீழ். அகலம் குறைவு, உசரம் அதிகம், சாய்த்து வைத்த ஒரு மரப்பட்டை. ஆழமாகத் தோண்டும் இனங்களுக்கு முக்கால் தொட்டி மண். அதாவது தரைத்தளக்காரர், மாடிக்காரர், அண்டர்கிரவுண்ட்காரர் என்று மூன்று ரகம்.

மண் என்றேனே, அது மண்ணே இல்லை. செங்கல் மாதிரி அழுத்திய கட்டி ஒன்றை வாளித் தண்ணீரில் போட்டான். பத்து நிமிஷத்தில் பொங்கி வாளி நிறைந்தது. கையில் எடுத்து முகர்ந்தேன். தென்னை நார்க் கழிவு! பொள்ளாச்சிப் பக்கம் போனால் அம்பாரம் அம்பாரமாகக் காயவைத்திருப்பார்களே, அதேதான். நம் ஊரிலிருந்தும் ஸ்ரீலங்காவிலிருந்தும் உலகம் பூராவும் போகிறது. மெக்ஸிகோச் சிலந்தி, டெக்சாஸ் வீடு, தென்னந்தோப்பு மெத்தை. நான் ஆஸ்டினில் சொந்த ஊரின் வாசனை பிடித்தது அந்த வாளியில்தான்.

இனி முக்கியமான கட்டம்.

நமக்கு எலும்பு உள்ளே. சிலந்திக்கு ஓடு வெளியே. ஓடு வளராது. எனவே வளர வேண்டுமென்றால் பழைய சட்டையைக் கழற்றிப் போட வேண்டும். குஞ்சுகள் மாதம் ஒரு முறைகூடக் கழற்றும். பெரிசானால் வருஷம் ஒரு முறை, சில சமயம் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. அதற்கு முன்னால் சாப்பாட்டை நிறுத்திவிடும். வயிற்றில் ரோமம் உதிர்ந்த இடம் இருந்தால் அது கறுத்துவிடும். நம்மாள் மூன்று வாரமாகச் சாப்பிடவில்லை. வயிற்றில் கறுப்பு வட்டம்.

ஒரு புதன்கிழமை, மருமகன் ஆபீஸ் போய்விட்டான். பத்து மணிக்குக் காபி சுடவைக்கப் போனேன். டப்பாவுக்குள் அது மல்லாந்து கிடந்தது. எட்டுக் காலும் ஆகாயத்தைப் பார்த்து. அசைவில்லை.

ஃபோன் போட்டேன். "மாப்ளே, மனசைத் தேத்திக்கோ" என்று ஆரம்பித்தேன்.

"மல்லாந்து கிடக்குதா? அப்ப உசுரோட இருக்கு மாமா, தொடாதீங்க. சாகற சிலந்தி குப்புறத்தான் கிடக்கும், காலை அடியில சுருட்டிக்கிட்டு."

காரணமும் சொன்னான். சிலந்திக் காலின் முக்கியமான மூட்டுகளில் மடக்கத்தான் தசை இருக்கிறது, நீட்டத் தசை இல்லை. உடம்புத் திரவத்தை அழுத்தி அனுப்பித்தான் காலை நீட்டுகிறது. ஜே.சி.பி. வண்டியின் கை மாதிரி. உயிர் போனால் அழுத்தம் போகும், கால் தானாகச் சுருளும். மல்லாந்தால் அது சட்டை மாற்றப் படுத்திருக்கிறது என்று அர்த்தம். இது தெரியாமல் செத்துவிட்டது என்று குப்பையில் போட்டவர்கள் உண்டாம்.

சொல்லிக்கொண்டே வந்தவன் குரல் சட்டென்று மாறியது. "மாமா... உள்ள சுவர்க்கோழி எதுவும் இருக்கா பாருங்க. நேத்து ராத்திரி சாப்பிடுதான்னு பார்க்க ஒண்ணு போட்டேன். எடுக்க மறந்துட்டேன்."

பார்த்தேன். இருந்தது. தண்ணீர் வைத்திருந்த பாட்டில் மூடிக்குப் பின்னால் மீசையை ஆட்டிக்கொண்டு.

சாதாரண நாளில் அது இரை. சட்டை மாற்றுகிற நாளில் அது எதிரி. புதுத் தோல் ஈரத்துணி மாதிரி இருக்கும். சிலந்தியால் காலை அசைக்க முடியாது, கடிக்கும் பல் வளைந்துவிடும். அந்த நேரத்தில் பசித்த சுவர்க்கோழி சிலந்தியையே கொறித்துத் தின்னும். அவன் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும். டப்பாவை அசைக்கக் கூடாது. ஊதக் கூடாது. தொடக் கூடாது. ஆனால் சுவர்க்கோழி வெளியே வந்தாக வேண்டும்.

டிராயரில் ஓரடி நீள இடுக்கி இருந்தது. மூடியை எடுத்தேன். மூச்சை அடக்கினேன். பிராணாயாமம் என்பதன் பயன் அன்றைக்குத்தான் புரிந்தது. இடுக்கியை இறக்கினதும் சுவர்க்கோழி தாவி, சிலந்தியின் பின்னங்காலுக்கு ஓர் அங்குலம் தள்ளி உட்கார்ந்தது. அந்த நிமிஷம் சிலந்தியின் முதுகு ஓடு ஒரு பக்கம் விரிசல் விட்டுத் திறக்க ஆரம்பித்தது. மேஜை மேல் ஃபோனில் மருமகன் "என்னாச்சு மாமா, என்னாச்சு" என்கிறான். பதில் சொன்னால் மூச்சு படும். சொல்லவில்லை. இரண்டாவது தடவை இடுக்கியில் சிக்கியது. ஒரு சுவர்க்கோழியைப் பிடிக்க ஐம்பத்தெட்டு வயதில் பனியன் நனைய வேர்த்தவன் தமிழ்நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருக்கும்.

அப்புறம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். முதலில் தலைப்பக்கத்து ஓடு டிபன் பாக்ஸ் மூடி போல எழும்பியது. பிறகு ஒவ்வொரு காலாக, நனைந்த ஜீன்ஸிலிருந்து காலை உருவுவோமே அந்தப் பிரயத்தனத்தோடு, கொஞ்சம் இழுப்பு, ரொம்ப நேரம் ஓய்வு, மறுபடி இழுப்பு. வெளிச் சட்டை மட்டும் இல்லை. பல்லின் உறை, இரையை உறிஞ்சும் வயிற்றின் உள்தோல், மூச்சுப் பையின் உள்தோல் எல்லாம் சேர்ந்து கழல்கிறது. ஒரு கால் ஒடிந்து போயிருந்தால் அடுத்தடுத்த சட்டைகளில் புதுக்கால் முளைத்துவிடும். மொத்தம் மூன்று மணி நேரத்துக்கு மேல். நடுவில் அவன் வந்துவிட்டான். பக்கத்தில் நின்றான். இரண்டு பேரும் பேசவே இல்லை. முடிந்தபோது பக்கத்தில் இன்னொரு காலிச் சிலந்தி கிடந்தது. புதுசு, முழங்கால்கள் இப்போதுதான் பெயின்ட் அடித்தது மாதிரி பளபள. கடிக்கும் பற்கள் பால் வெள்ளை. அது சிவந்து, பிறகு கறுத்த பின்தான் சாப்பாடு.

சட்டைக்குள் ஜாதகமும் இருக்கிறது. மறுநாள் அதை சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, கிழியாமல் விரித்து, வயிற்றுப் பகுதியில் மூச்சுப் பைகளுக்கு நடுவே லென்ஸ் வைத்துப் பார்த்தான். விந்தைச் சேமிக்கும் பையின் தோல், சின்ன மடிப்பாக. "பொண்ணு மாமா!" என்றான்.

சந்தோஷம் அரை நிமிஷம்தான். பிறகு இருவரும் கணக்குப் போட்டோம். ஆண் என்றால் வயசுக்கு வந்தபின் துணை தேடி அலைந்து ஓரிரு வருஷத்தில் கதை முடியும். இந்த இனத்துப் பெண் 20 வருஷத்துக்கு மேல், 25 வரைகூட இருக்கும். இதற்கு வயது நாலு. அவனுக்கு 29. அபார்ட்மென்ட் ஒப்பந்தம் 12 மாதம். விசா ஒரு தடவைக்கு 3 வருஷம். கம்பெனியின் உத்தரவாதம் அடுத்த மீட்டிங் வரை. அந்த வீட்டில் 20 வருஷத் திட்டத்தோடு இருந்த ஒரே நபர் டப்பாவுக்குள் இருந்தவள்தான்.

இரண்டு வாரம் கழித்துக் குடிபெயர்ப்பு. பல் கறுத்து, ஒரு சாப்பாடும் ஆகியிருந்தது. சட்டை மாற்றப்போகும் சமயத்திலும், மாற்றிய கையோடும் வீடு மாற்றக் கூடாது. நல்ல நாள் பார்க்கும் பொறுப்பு சிலந்தியுடையது. சாதனங்கள்: மெல்லிய பெயின்ட் பிரஷ் ஒன்று, அகலமான பிளாஸ்டிக் கப், ஒரு அட்டை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி. அமெரிக்கக் கண்டத்து இனங்கள் கோபம் வந்தால் பின்னங்காலால் வயிற்று ரோமத்தைச் சீவிக் காற்றில் விடும். கையில் பட்டால் அரிப்பு. கண்ணில் பட்டால் டாக்டர். நம் பக்கத்து இனங்களுக்கு அந்த ரோமம் கிடையாது. அதற்குப் பதில் மின்னல் வேகமும், கடித்தால் நாள்கணக்கில் தசையைப் பிடித்து இழுக்கும் விஷமும் உண்டு.

நான் பெரிய நாடகத்தை எதிர்பார்த்தேன். ஒன்றுமில்லை. பழைய டப்பாவைத் திறந்து புதுத் தொட்டிக்குள்ளேயே சாய்த்து வைத்தான். பிரஷ்ஷால் பின்னங்காலை லேசாகத் தொட்டான். அவள் இரண்டடி வைத்தாள், நின்றாள். மறுபடி தொட்டான். பத்து நிமிஷத்தில் இறங்கிவிட்டாள். கையால் பிடிக்கவில்லை, விரட்டவில்லை. கப்பும் அட்டையும் ஓட்டம் பிடித்தால் மூடத்தான். தேவைப்படவில்லை. அன்றைக்கு ராத்திரி முழுக்கக் கண்ணாடிச் சுவரைத் தடவிக்கொண்டே சுற்றினாள். மூன்றாம் நாள் மரப்பட்டைக்கு அடியில் போனாள். அடுத்த வாரம் அவன் அழகாகச் சமன் செய்து வைத்திருந்த தென்னைநார் மண்ணை வாயால் கவ்விக் கவ்வி எடுத்து வாசலில் மேடு கட்டினாள். நம் டெக்கரேஷன் அவளுக்குப் பிடிக்கவில்லை. தங்கிவிட்டாள் என்று அர்த்தம்.

ஊரிலிருந்து தங்கை ஃபோன். "அண்ணே, அவனுக்கு நாலு எடத்துல பொண்ணு பார்க்கறோம். இந்த எட்டுக்கால் சமாசாரத்தைச் சொல்லணுமா, மறைச்சிரலாமா?"

"சொல்லிரும்மா" என்றேன். "மறைக்கற சைஸ் இல்ல அது."

மருமகனிடம் கேட்டேன்: "நாளைக்கு வேலை போச்சு, ஊருக்குக் கிளம்பணும்னா இவ கதி?" அவன் ஒரு நோட்டு எடுத்துக் காட்டினான். என்றைக்குச் சட்டை மாற்றினாள், என்றைக்கு வீடு மாறினாள் எல்லாம் தேதிவாரியாக. கடைசிப் பக்கத்தில், அவன் கிளம்ப நேர்ந்தால் இவளை ஏற்றுக்கொள்ளச் சம்மதித்த நண்பர்கள் இரண்டு பேரின் பெயர். கையோடு கொண்டு வர முடியாது. வனவிலங்கு வியாபாரத்துக்கான சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் இவள் இனம் இருக்கிறது. எல்லை தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும். வெளியே விட்டுவிடவும் கூடாது. டெக்சாஸ் மண்ணுக்கு அதன் சொந்தப் பழுப்பு டரான்டுலா இருக்கிறது, இவள் அங்கே அந்நியம். அந்த நோட்டைப் பார்த்தபின் எனக்கு அவன் மேல் தனி மரியாதை. பெண் கொடுக்கிறவர்கள் சம்பளச் சீட்டைவிட அதைத்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.

நம் பக்கத்துச் சொந்தங்களின் நிலைமை வேறு. 1899ல் போகாக் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி ஒரு சிலந்திக்குப் பெயர் வைத்தார். கிடைத்த இடம் ஆந்திராவின் குத்தி, சென்னையிலிருந்து மும்பை போகும் ரயில் பாதையில் இருக்கிறது. அங்கே ரயில்வே மரக்கிடங்கில் அகப்பட்டது. உடம்பெல்லாம் மயில் நீலம். பிறகு நூறு வருஷம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. 2001ல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் நடுவில் ஒரு காட்டில் மறுபடி கண்டுபிடித்தார்கள். மரக்கிடங்குக்கு அது ரயிலில் வந்த விறகுக் கட்டையோடு வந்திருக்க வேண்டும். அதன் வீடு பழைய மரத்துப் பொந்து. பல வருஷம் நின்ற மரத்தில்தான் பொந்து விழும். தெரிந்த காடு 100 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. ராமேஸ்வரத்துப் பக்கத் தோப்பு மரங்களில் வாழும் இன்னொன்றுக்கு 2004ல்தான் பெயரே வைத்தார்கள். இரண்டுமே அழிவின் விளிம்பில் இருப்பதாகப் பட்டியலில் ஏறியிருக்கின்றன. 2019லிருந்து இந்த வம்சம் மொத்தமும் சைட்டிஸ் கட்டுப்பாட்டில். நீல அழகிக்கு வெளிநாட்டில் தனிக் கிராக்கி. டப்பாவில் வளர்கிறவளுக்கு அடுத்த டப்பா உண்டு. பொந்தில் இருப்பவளுக்கு, மரத்தை வெட்டினால் அடுத்த வீடு கிடையாது. பிரஷ்ஷால் மெதுவாகத் தொட்டு வழி காட்ட ஆளும் கிடையாது.

இதைப் படித்துவிட்டு 'நாமும் ஒன்று வாங்கினால் என்ன' என்று ஆபீஸ் கேன்டீனில் பேசப்போகும் இளைஞர்களுக்கு இரண்டு வார்த்தை. சைட்டிஸ் பட்டியலில் உள்ள பிராணியை வைத்திருந்தால் 2022ல் திருத்தப்பட்ட நம் வனவிலங்குச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும். காட்டிலிருந்து பிடித்து வந்ததைத் தொடவே வேண்டாம். அதெல்லாம் சரியாக இருந்தாலும், தொட்டி என்ன விலை, தீனி என்ன விலை என்று விசாரிப்பது அப்புறம். முதலில் உங்கள் ஹவுஸ் ஓனரைப் போய்ப் பாருங்கள். 25 வருஷத்துக்கு லீஸ் எழுதித் தருவாரா என்று கேளுங்கள். அவர் முகம் எப்படிப் போகிறதோ, அந்தக் கேள்வியைத்தான் நீங்கள் உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஏனென்றால் டப்பாவுக்குள் இருப்பவளுக்கு ஹவுஸ் ஓனர் நீங்கள்.